உள்ளே இன்னொரு ஆள்

சேக் தாவூது யாரையும் நம்பாத மனிதர். சாக்கு வியாபாரி நம்ப ஆரம்பித்தால் பிழைக்க முடியாது. சாக்குக் கட்டைப் பிரித்து, ஒவ்வொன்றாக உதறி, வாயை இரண்டு கையாலும் விரித்து வெயிலுக்கு நேராகப் பிடிப்பார். உள்ளே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் எலி கடித்திருக்கிறது என்று அர்த்தம். "எண்ணிக்கிட்டுப் போங்க பாய், எல்லாம் நல்ல சாக்கு" என்று விற்கிறவன் சொன்னால், "நீ நல்லவன்தாம்ப்பா, எலி நல்லதா?" என்பார். குடவாசல் கடைத்தெருவில் இந்தப் பேச்சு பிரசித்தம்.

அப்பேர்ப்பட்ட மனிதர், ஒரே மகன் மவுத்தாகிப்போன சேதியை மட்டும் வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டார்.

தௌபீக் சவுதியில் குழாய் பதிக்கிற வேலையில் இருந்தான். பள்ளத்தில் மண் சரிந்தது என்றார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்வதுதான் அவனுக்கு நன்மை என்றார்கள். எல்லாமே 'என்றார்கள்'தான். ஊர்க்காரப் பையன் அஸார் சவுதியிலேயே வேறொரு நகரத்திலிருந்து பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் கபரில் மண் தள்ளியாகிவிட்டது. அவனும் முகத்தைப் பார்க்கவில்லை. மண்ணைப் பார்த்து ஓதிவிட்டு வந்தான்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் நடந்தது தெரிந்ததுதான். மருமகள் இர்ஃபானா வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு உள்ளறையில், புருஷனை இழந்த பெண் நாலு மாதம் பத்து நாள் தனித்திருக்கிற இத்தாவில் உட்கார்ந்தாள். மாமியார் சைத்தூன் பீவிக்குத் தஸ்பீஹ் மணியைத் தவிர வேறு பேச்சு இல்லை. தாவூது கடையைத் திறந்தார், மூடினார். சம்பா அறுவடை நேரம், கொள்முதல் நிலையத்து வாசலில் சாக்குக்கு அடிதடி நடக்கிறது. அவர் கட்டைப் பிரிக்கக்கூட இல்லை.

நேற்று மதியம் அஸாரிடமிருந்து போன் வந்தது.

"மாமா, ஒண்ணு சொல்லணும். சொல்றதா வேணாமான்னு ரொம்ப நாளா மனசுல போட்டு உருட்டிக்கிட்டிருக்கேன்."

"உருட்டினது போதும். சொல்லு."

"தௌபீக் பேரு எரியுது மாமா."

"என்னடா ஒளறுற?"

அஸார் ஒரு கிடங்கில் கணக்குப் பார்க்கிறவன். மேஜையிலேயே கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் மெசஞ்சர் என்று ஒன்று. சினேகிதர்களின் பேர் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் ஒரு சின்ன உருண்டை மூஞ்சி. ஆள் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தால் மூஞ்சி மஞ்சளாகச் சிரிக்கும். எழுந்து போய்விட்டால் சாம்பல் நிறமாகிவிடும். தௌபீக் பேர் இத்தனை நாளாகச் சாம்பலாகவே கிடந்தது. இப்போது கொஞ்ச நாளாக மஞ்சளாக எரிகிறது என்றான் அஸார். காலையில் எரிகிறதாம், பிறகு அணைகிறதாம்.

"அவன் பாஸ்வேர்டு இல்லாம யாரும் அதுக்குள்ள வர முடியாது மாமா. 'டேய், நீயாடா?'ன்னு எழுதிக் கேட்டேன். பதில் இல்லை. ஆனா எரியுது."

தாவூது போனை வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். சாக்கை விரித்துப் பார்த்த மாதிரி இருந்தது. உள்ளே எங்கோ ஒரு புள்ளி வெளிச்சம்.

யார் பார்த்தது முகத்தை? ஒருத்தனும் பார்க்கவில்லையே. மண்ணுக்குள் போனது இன்னொரு தாய் பெற்ற பிள்ளையாக இருந்தால்? எவனோ பேர் அட்டையை மாற்றி எழுதியிருந்தால்? இவன் எங்கேயாவது அடிபட்டு, பேச வராமல், பேரை மட்டும் கொளுத்திவிட்டு உட்கார்ந்திருந்தால்?

மருமகளிடம் மூச்சு விடவில்லை. அந்த மட்டும் புத்தி இருந்தது. ஆனால் பொழுது விடிந்ததும், டீ கொண்டுவந்து வைத்த சைத்தூன் பீவியிடம் அடக்கமாட்டாமல் சொல்லித் தொலைத்துவிட்டார். அவருக்கு எதையும் பூசி மெழுகிச் சொல்லத் தெரியாது.

"சைத்தூனு, உம்மவன் உசுரோட இருக்கான் போலருக்கு."

அவள் அழவில்லை. "அவன் போவலைன்னு நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள். பிறகு நேரே பெட்டியறைக்குப் போய், தௌபீக்கின் மெத்தையைச் சுருட்டி, ஒருத்தியாகவே மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் போட்டாள்.

அதைப் பார்த்ததும்தான், சரிபார்க்காமல் சொல்லிவிட்டோமே என்று தாவூதுக்கு உறைத்தது.

*

தௌபீக் வீட்டில் வாங்கி வைத்திருந்த கம்ப்யூட்டரை யாராவது தெரிந்த ஆள் பார்த்தால், அந்தப் பேர் எங்கிருந்து எரிகிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் யாரைக் கூப்பிடுவது? கம்ப்யூட்டர் இருப்பது இர்ஃபானாவின் அறையில். இத்தாவில் இருக்கிற பெண்ணின் அறைக்குள் அந்நிய ஆம்பிளை நுழைய முடியாது. மெஷினை வெளியே தூக்கிக்கொண்டு வரலாம் என்றால், "அந்த வயரெல்லாம் அவங்க மாட்டுனது மாமா, கழட்ட வேணாமே" என்று அவள் முன்னமே ஒருதரம் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் பூர்ணிமா நினைவுக்கு வந்தாள். தியாகேசனுடைய மகள். குடவாசல் பஸ் ஸ்டாண்டு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறாள். தியாகேசன் வருஷா வருஷம் இவரிடம்தான் சாக்கு எடுப்பார். வாய் கொஞ்சம் நீளம், ஆனால் நல்ல பெண். நேரே அவள் சென்டருக்குப் போனார்.

"வாங்க பெரியப்பா. என்னா ரிப்பேரு?"

"மூட மாட்டேங்குது."

இது பொய்யில்லை. மெஷினுக்கு அந்தச் சீக்கு இருக்கத்தான் செய்தது. முன்னெல்லாம் அமுக்கினால் சட்டென்று அணையும். இப்போது நீலத் திரையில் ஏதோ எழுத்தைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. மத்தியானம் கரண்ட் போனால் யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்த ஆரம்பிக்கிறது, மெஷின் மூடிய பாட்டைக் காணோம்.

"எவ்வளவு நேரம் ஆவுது?"

"ஒரு டீயக் குடிச்சு, கிளாஸக் கழுவிக் கவுத்துட்டு வரலாம்."

"பாலில்லாத டீயா, பால் காய்ச்சிப் போட்ட டீயா?"

"அடி போடி. வர்றியா இல்லையா?"

"வராம? இர்ஃபானா அக்காவ நானும் பார்க்கணும்னுதான் இருந்தேன்." பூர்ணிமாவின் குரல் சற்று இறங்கியது. உடனே பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"பொட்டியப் பிரிக்கிறப்ப நான் பக்கத்துல இருப்பேன்" என்றார் தாவூது.

"சாமானை மாத்திடுவேன்னு பயமா?"

"உன்மேல ஒண்ணுமில்ல. பொதுவா."

*

வீட்டு வாசலில் ஸ்கூட்டி நின்றபோது உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. தாவூதுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இந்த வீட்டில் சிரிப்புக் கேட்டு எத்தனை நாளாயிற்று?

கொல்லைப்புறம் மீன்காரி அம்சவல்லி கூடையை இறக்கி உட்கார்ந்திருந்தாள். எதிரே சைத்தூன் பீவி குத்துக்கால் போட்டுக்கொண்டு ஒரு விரால் மீனைக் கையில் பிடித்திருந்தாள்.

"இது எந்தக் கொளத்து வெறாலு? ஓமக்குச்சி மாதிரி இருக்கு!"

"ஏ பாயம்மா, இத்தன நாளா மீனே வேணாம்னுட்டு, இன்னிக்கு வந்து கொற சொல்றியா?"

"எம்புள்ள வெறால் மண்டை இல்லாட்டி சோத்துல கை வைக்க மாட்டான்டி. பெருசா எடு."

அம்சவல்லி கை அப்படியே நின்றது. தாவூதை நிமிர்ந்து பார்த்தாள். அவர் பார்க்காததுபோல உள்ளே நடந்தார்.

இர்ஃபானா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாமனாரோடு இன்னொரு பெண்ணைக் கண்டதும் முக்காட்டை இழுத்துக்கொண்டு, வேகமாக எதையோ அமுக்கினாள். திரை ஒரு தடவை மாறியது. பிறகு எழுந்து நின்றாள். கழுத்திலும் கையிலும் ஒன்றுமில்லை. வயதுக்கு மீறி ஒடுங்கியிருந்தாள்.

"வா பூர்ணிமா. நல்லாருக்கியா?" என்றாள். பிறகு, "மெஷினா? அது சரியாத்தானே இருக்கு மாமா" என்றாள்.

"என்னா சரியா இருக்கு? நேத்திக்குக்கூட கத்திக்கிட்டே கெடந்துச்சே."

"இருந்தாலும்…"

அவள் தயங்குவது தாவூதுக்குப் பிடிக்கவில்லை. எதை மறைக்கிறாள்? ஆனால் கேட்கவில்லை. இன்று அவருக்கு வேறு கவலை.

பூர்ணிமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பையிலிருந்து ஸ்குரூ டிரைவர்கூட எடுக்கவில்லை. சட்சட்டென்று எதையெதையோ திறந்து பார்த்தாள்.

"பொட்டியக் கழட்டலியா?"

"கழட்டாமலே பார்க்கலாம் பெரியப்பா. வைரஸ் ஒண்ணும் இல்ல. எடம் இருக்கு. ஆனா மெமரி கம்மி, ஓடுறது ஜாஸ்தி. இந்த சைஸு மெஷினுக்கு இவ்வளவு ஓடக் கூடாதே." புருவத்தைச் சுருக்கினாள். "எல்லாம் ரெண்டு ரெண்டா ஓடுது. அக்கா, இத யார் யாரு தொடுறீங்க?"

"நான் மட்டுந்தான்" என்றாள் இர்ஃபானா. குரல் சன்னமாக வந்தது.

கொல்லையிலிருந்து மறுபடியும் சிரிப்பு. இர்ஃபானா தலையைத் திருப்பிக் கேட்டாள். அவள் முகத்திலும் லேசாக ஒரு தெளிவு வந்தது.

"மாமி இன்னிக்குச் சிரிக்கிறாங்களே மாமா. என்னா விஷயம்?"

"நீ மெஷினப் பாரும்மா" என்றார் தாவூது, பூர்ணிமாவிடம்.

"சரி, மூடிப் பார்க்குறேன்" என்று பூர்ணிமா அமுக்கினாள். மெஷின் மூடவில்லை. நடுவே ஒரு சின்னக் கட்டம் வந்து நின்றது. அதில் இங்கிலீஷில் ஏதோ இரண்டு வரி. பூர்ணிமா படித்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தக் கட்டம் தெனமும் வருமாக்கா?"

"வரும்."

"என்னா அமுக்குவீங்க?"

"எஸ்."

"என்னம்மா எழுதியிருக்கு அதுல?" என்றார் தாவூது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். தமிழே எழுத்துக் கூட்டித்தான்.

"உள்ள இன்னொரு ஆள் இருக்காங்க. மூடினா அவங்க வேலை கெட்டுப்போவும், பரவால்லியான்னு கேக்குது."

தாவூதின் கை தானாக நாற்காலி முதுகைப் பிடித்தது.

"என்னாது? இன்னொரு தரம் சொல்லு."

"ஒரு வீட்டுல ரெண்டு ரூம்புன்னு வைங்க பெரியப்பா. நீங்க வெளிக்கதவப் பூட்டப் போறீங்க. ஒரு ரூம்புக்குள்ள ஆள் இருக்காங்க, வெளக்கு எரியுது, வேலை நடக்குது. அதையெல்லாம் ஒண்ணொண்ணா நிறுத்திட்டுத்தான் பூட்ட முடியும். அதான் இவ்வளவு நேரம் ஆவுது."

"யாரு உள்ள இருக்கிறது?"

பூர்ணிமா இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். அதில் இரண்டு பேர்கள் இருந்தன. ஒன்றுக்குப் பக்கத்தில் ஒரு பூப் படம். இன்னொன்றுக்குப் பக்கத்தில் ஒரு பந்து. அந்த இரண்டாவது பேரைப் படித்ததும் அவளுடைய சுறுசுறுப்பெல்லாம் போய்விட்டது.

"தௌபீக்கு அண்ணன்" என்றாள்.

தாவூதுக்குக் காதுக்குள் இரைந்தது. அல்லாஹ் என்று வாய் முணுமுணுத்தது. அஸார் சொன்னது நிஜம். எரிகிறது. உள்ளே இருக்கிறான்.

"எங்கேருந்து வந்திருக்கான்? சவுதிலேருந்தா? ஊரு பேரு காட்டுதா பாரு. சீக்கிரம் பாரும்மா!"

"பெரியப்பா…"

"பாரும்மான்னா!"

"சவுதிலேருந்து இல்ல பெரியப்பா. இது அந்த மாதிரி இல்ல. இந்த மெஷினுக்கு முன்னால உக்காந்து தொறந்தாத்தான் இந்தப் பேருல உள்ள போவ முடியும். இங்கேருந்துதான்…"

பூர்ணிமா திரும்பி இர்ஃபானாவைப் பார்த்தாள். தாவூதும் பார்த்தார்.

இர்ஃபானா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

*

அவர் கத்தியிருப்பார். கத்துவதுதான் அவர் சுபாவம். சாக்கில் ஓட்டை இருந்தாலே ஊரைக் கூட்டுகிறவர். ஆனால் கொல்லையில் சைத்தூன் பீவி மீனைக் கல்லில் தேய்க்கிற சத்தம் சரக் சரக் என்று கேட்டுக்கொண்டிருந்தது. கத்தினால் அவளுக்குக் கேட்டுவிடும்.

"நீயா?" என்றார். காற்றுதான் வந்தது.

இர்ஃபானா தலையை அசைத்தாள்.

"ஏன்?"

"ஹஃப்ஸாவுக்காகத்தான் மொதல்ல ஆரம்பிச்சேன் மாமா." பேத்தி ஹஃப்ஸா பால்வாடிக்குப் போயிருந்தாள். நாலு வயசு. "அவங்க இருக்கிறப்ப, பேரு எரிஞ்சாலே 'அத்தா வந்துட்டாங்க'ன்னு குதிப்பா. அவளுக்கு அந்த மஞ்ச மூஞ்சிதான் அத்தா. 'அத்தா ஏம்மா இன்னும் தூங்குறாங்க'ன்னு தெனமும் கேட்டா. ஒருநாள் தாங்க முடியல. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும். அவங்க பேருல உள்ள போயி மெசஞ்சரைத் தொறந்துட்டு, என் பேருல வந்து பார்த்தேன். எரிஞ்சுது. புள்ள கையத் தட்டுனா."

"அப்புறம்?"

"அப்புறம்… புள்ள பால்வாடிக்குப் போனதுக்கப்புறமும் அணைக்க மனசு வரல மாமா."

பூர்ணிமா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் யாருக்கும் ஒரு எழுத்து எழுதல. அஸார் அண்ணன் 'நீயாடா'ன்னு கேட்டிருந்தாங்க. அதுக்கு என்னான்னு பதில் போடுறது? நான் இல்லைன்னு போடவா, அவங்க இல்லைன்னு போடவா? அப்படியே விட்டுட்டேன்."

"அந்தப் பய எனக்குப் போன் பண்ணிட்டான் புள்ள." தாவூதின் உதடு கோணியது. "எம்மவன் உசுரோட இருக்கான்னு… நான் நேத்திலேருந்து…"

கோபமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. வியாபாரத்தில் ஏமாற்றியவனை அவர் ஒருநாளும் சும்மா விட்டதில்லை. ஆனால் இவள் யாரை ஏமாற்றினாள்?

"முகத்தப் பாக்காம எப்படி நம்புனேன்னு நேத்திலேருந்து என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன். ஒருத்தரும் பாக்கலியே" என்றார் கடைசியில்.

"நானுந்தான் பாக்கல மாமா" என்றாள் இர்ஃபானா.

அவள் அழவில்லை. சொன்னாள், அவ்வளவுதான். தாவூது அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தார். இத்தனை நாளும் தன் மகன், தன் துக்கம் என்றே இருந்துவிட்டார். இந்தப் பெண் நாலு சுவருக்குள் ஒரு பேரைக் கொளுத்தி வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"மாமிக்குத் தெரிய வேணாம் மாமா" என்றாள் மெதுவாக.

"அவகிட்ட சொல்லிட்டேன்."

"எத?"

"அஸார் சொன்னத. காலையிலயே சொல்லிட்டேன்."

கொல்லையில் சைத்தூன் பீவி அம்சவல்லியிடம் எதையோ சொல்லிச் சிரித்தாள். இர்ஃபானா வாயை முக்காட்டால் பொத்திக்கொண்டாள்.

*

"காட்டு" என்றார் தாவூது.

"என்னா மாமா?"

"எரியுறதக் காட்டு. நானும் பாக்குறேன்."

மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். பூர்ணிமா எழுந்து இடம் விட்டாள். இர்ஃபானா தன்னுடைய பக்கத்தைத் திறந்து விரலால் சுட்டினாள். அவள் வரிசையில் இருந்ததே அந்த ஒரு பேர்தான். வேறு சினேகிதம் எதையும் அவள் சேர்த்துக்கொள்ளவில்லை.

"இதுல எங்க தௌபீக்கு?"

"இந்த எழுத்து அத்தனையும் அவங்க பேருதான் மாமா. இங்கிலீஷ்ல."

குனிந்து பார்த்தார். மல்லி விதை அளவு ஒரு மஞ்சள் மூஞ்சி. கண்ணுக்கு இரண்டு புள்ளி, வாய்க்கு ஒரு கோடு. தௌபீக்கின் ஜாடை ஒன்றும் அதில் இல்லை. ஊரில் எல்லோருக்கும் இதே மூஞ்சிதான் என்று பூர்ணிமா முன்னமே சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரா, தெரியாது. விரலை நீட்டித் தொட்டார். கண்ணாடி வெதுவெதுப்பாக இருந்தது.

அந்த நேரம் பார்த்து மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. மேஜைக்கு அடியில் யூ.பி.எஸ். கீக் கீக் என்று கத்த ஆரம்பித்தது.

பூர்ணிமா மெல்ல வந்தாள். "பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது பெரியப்பா. தானா அணைஞ்சா உள்ள இருக்கிற போட்டோவெல்லாம் கெட்டுப்போயிடும். தௌபீக்கு அண்ணன் பேர முதல்ல வெளிய எடுத்துட்டா, மெஷின் சீக்கிரம் மூடிக்கும். என்னா பண்ணட்டும்? அக்கா, நீங்க சொல்லுங்க."

இர்ஃபானா மாமனாரைப் பார்த்தாள். அவர் மருமகளைப் பார்த்தார். சரக் சரக் சத்தம் நின்றுவிட்டது. அடுப்படியில் தாளிக்கிற வாசனை வந்தது.

"நீ செய்ய வேணாம்" என்றார் தாவூது. "எங்க அமுக்கணும், காட்டு. நான் அமுக்குறேன்."

பூர்ணிமா திரையை மாற்றினாள். பந்துப் படம் போட்ட பக்கம் வந்தது. பின்னணியில் ஹஃப்ஸா பல் முளைக்காத வாயைத் திறந்து சிரிக்கிற படம். அவன் கடைசியாக ஊருக்கு வந்திருந்தபோது போட்டு வைத்தது. பூர்ணிமா அவருடைய கையைப் பிடித்து மவுசின்மேல் வைத்து, அம்பு எங்கே நிற்க வேண்டும் என்று நகர்த்திக் கொடுத்தாள். மவுசு அவர் கைக்குள் அடங்கி, சின்னக் குஞ்சு போல இருந்தது.

பிஸ்மில்லாஹ் சொல்லி அமுக்கினார்.

ஹஃப்ஸாவின் படம் மறைந்தது. மறுபடி இர்ஃபானாவின் பக்கத்துக்கு வந்தபோது, அந்தப் பேர் சாம்பலாகக் கிடந்தது.

"இப்ப மூடலாம்" என்றாள் பூர்ணிமா. மூடினாள். நீலத் திரை வந்தது. அவர் மூச்சை இழுத்து விடுவதற்குள் எல்லாம் கறுத்துப்போயிற்று. யூ.பி.எஸ்.ஸையும் அணைத்தாள். அறையில் அரவமே இல்லை.

"அவ்வளவுதானா?" என்றார் தாவூது.

"அவ்வளவுதான் பெரியப்பா."

இன்னும் கொஞ்சம் நேரம் ஆகியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை நாள் அவ்வளவு இழுத்த மெஷின், இன்றைக்குப் போய் இப்படியா?

*

அடுப்படி வாசலில் சைத்தூன் பீவி புகைக்கு நடுவே நின்றுகொண்டிருந்தாள். குழம்பு கொதிக்கத் தொடங்கியிருந்தது. தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது. பத்து வயது குறைந்த மாதிரி இருந்தாள். அம்சவல்லி போய்விட்டிருந்தாள்.

"மெஷின் சரியாச்சா? பூர்ணிமாவ இருந்து சாப்புட்டுப் போவச் சொல்லுங்க. மண்டைய மட்டும் எடுத்து மூடி வச்சுட்டேன், ஆரும் தொட்டுடாதீங்க" என்றாள்.

"சைத்தூனு, வெளியில வா. கொஞ்சம் உக்காரு."

"கொதி வந்திருக்கு. எறக்கிட்டு வர்றேன், அஞ்சு நிமிசம்."

"எறக்கி வச்சுட்டு இப்ப வா."

"என்னாங்க அவசரம்? அவன் இன்னிக்கே வந்து நிக்கப் போறானா?" சிரித்தாள். "வந்தாலும் வருவான். ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அவர் வாயைத் திறந்தார். எப்போதும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிற மனிதருக்கு, முதல் வார்த்தை எது என்று தெரியவில்லை. மவுத்துச் செய்தியை அன்றைக்கு வேறு யாரோ வந்து சொன்னார்கள். இன்றைக்கு அவர்தான் சொல்ல வேண்டும்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. இர்ஃபானா அறை வாசல்வரை வந்து நின்றாள். அவள் பின்னால் பூர்ணிமா.

கூடத்தில் போன் அடித்தது.

தாவூது திரும்புவதற்குள் சைத்தூன் பீவி, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே அவரைத் தாண்டி ஓடினாள். அந்த ஓட்டம் அவள் கல்யாணமாகி வந்த புதிதில் ஓடியது. அவர் "இரு, நான் எடுக்குறேன்" என்றது அவள் காதில் விழவில்லை.

"அலோ! ஆரு, அஸாரா? அஸ்ஸலாமு அலைக்கும் தம்பி. மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க. நீ நல்லாருப்ப. எம்புள்ள எதாச்சும் பேசுனானா?"

அந்தப் பக்கம் அஸார் ஏதோ சொன்னான். படபடவென்று சொல்வது போனுக்கு வெளியேகூடக் கேட்டது. சைத்தூன் பீவியின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண் மட்டும் மெல்ல மெல்ல வேறு மாதிரி ஆயிற்று.

"அணைஞ்சிருச்சா?" என்றாள். "எப்ப?"

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு ரிசீவரைக் காதிலிருந்து எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். அறை வாசலில் நிற்கிற வெள்ளைச் சேலையைப் பார்த்தாள். பூர்ணிமாவைப் பார்த்தாள். அப்புறம் புருஷனைப் பார்த்தாள்.

"இப்பத்தான் அணைஞ்சுதாம். அஞ்சு நிமிசம்கூட ஆவலியாம்" என்றாள். "நீங்க உள்ளதானே இருந்தீங்க? எம்புள்ளய என்னா பண்ணீங்க?"

அடுப்படியில் குழம்பு பொங்கி நெருப்பில் வழிகிற சத்தம் கேட்டது.